பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? உலகத்தை ஜாகிங் போக வைத்த ஷூ தொழிலாளி ஆர்தர் லிடியார்டின் கதை

மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு இணையத்தில் பயிற்சி அட்டவணை தேடிப் பாருங்கள். வாரத்தில் பாதி நாளைக்கு மேல் மெதுவாக ஓடச் சொல்லும். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுபவரிடம் பேசிக்கொண்டே போகும் அளவுக்கு. பேச்சு திக்கினால் வேகம் அதிகம். அவ்வளவுதான் விதி.

வாட்ச், ஆப், இதயத்துடிப்பு மீட்டர் எதுவும் தேவைப்படாத இந்த விதியை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு ஒரு ஆளுக்கு உண்டு. அவர் டாக்டர் இல்லை. விளையாட்டு அறிவியல் படித்தவரும் இல்லை. நியூசிலாந்தில் ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். பெயர் ஆர்தர் லிடியார்ட்.

ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய வீரர்களை உருவாக்கியவரும் அவர்தான். மாரடைப்பு வந்து வீட்டில் முடங்கியிருந்தவர்களை ரோட்டுக்குக் கூட்டி வந்து ஓட வைத்தவரும் அவர்தான். இரண்டு பேருக்கும் அவர் சொன்ன அடிப்படைப் பாடம் ஒன்றேதான். அது என்ன? ஓடிப் பழகும் பலருக்கும் முழங்கால் வலியும் குதிகால் வலியும் வருவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பார்ப்போம்.

யார் இந்த லிடியார்ட்?

1917 ஜூலை 6-ஆம் தேதி ஆக்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஷூ தயாரிக்கும் வேலைக்குப் போய்விட்டார். நியூசிலாந்துக்காரர்களுக்கு ரக்பி என்றால் உயிர். லிடியார்டும் ரக்பி ஆடினார், சும்மா கொஞ்சம் ஓடவும் செய்தார். தனக்கு நல்ல ஃபிட்னஸ் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நம்பிக்கை 1940-களின் நடுவில் ஒருநாள் உடைந்தது. உள்ளூர் தடகள கிளப்பில் மூத்தவரான ஜாக் டோலன் என்பவர் அவரை 8 கி.மீ. ஓடக் கூப்பிட்டார். வயதில் பெரியவரான டோலன் அலட்டிக்கொள்ளாமல் ஓடினார். 30 வயதுகூட ஆகாத லிடியார்டுக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தவரை ஒரு கேள்வி உலுக்கியது. இப்போதே இந்த நிலைமை என்றால், இன்னும் 20 வருடம் கழித்து உடம்பு என்ன ஆகும்?

சாம்பியன் ஆக வேண்டும் என்ற ஆசையில் அவர் ஓட்டத்துக்கு வரவில்லை. உடம்பு கெட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் வந்தார். இன்று 30 வயதில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதும் ஓடும் ஷூ வாங்குகிறவர்களுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தன் உடம்பே சோதனைக்கூடம்

அப்போது கிடைத்த பயிற்சிப் புத்தகங்களை லிடியார்ட் படித்தார். அதில் சொன்னபடி ஓடியும் பார்த்தார். திருப்தி இல்லை. சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று இறங்கினார். பல வருடங்கள் தன்னையே சோதனை எலி ஆக்கிக்கொண்டார். ஒரு வாரம் குறைவான தூரம். இன்னொரு வாரம், கேட்டாலே மயக்கம் வரும் அளவுக்கு அதிக தூரம். ஒரு மாதம் வேகமாக, அடுத்த மாதம் நிதானமாக. ஒவ்வொரு தடவையும் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது, எத்தனை நாளில் களைப்பு தீர்கிறது, எங்கே வலிக்கிறது என்று கவனித்தார்.

குடும்பம், ஷூ வேலை என்று எல்லாவற்றுக்கும் நடுவில்தான் இது நடந்தது. வருமானம் போதாமல் பால் விநியோக வேலையும் பார்த்தார். அக்கம்பக்கத்தில் அவரைக் கிறுக்கன் என்று நினைத்தவர்களும் உண்டு. வளர்ந்த ஆள், அரை டவுசரோடு ரோட்டில் மணிக்கணக்கில் ஓடுவது அந்தக் காலத்தில் யாரும் பார்க்காத காட்சி.

1950-இல் ஆக்லாந்தில் நடந்த பிரிட்டிஷ் எம்பயர் கேம்ஸ் மாரத்தானில் நியூசிலாந்துக்காக ஓடி 13-ஆவது இடம் பிடித்தார். 1953-லும் 1955-லும் தேசிய மாரத்தான் சாம்பியன் ஆனார். ஆனால் அவருக்குக் கிடைத்த பெரிய பரிசு பதக்கம் இல்லை, தன் சோதனையின் முடிவு. தினமும் உயிரைக் கொடுத்து ஓடியபோது உடம்பு தேயத்தான் செய்தது. மூச்சு சீராக இருக்கும் வேகத்தில், நிறைய தூரம், விடாமல் பல மாதங்கள் ஓடியபோதுதான் உடம்பு வளர்ந்தது. அந்த அடித்தளம் போட்ட பிறகு கொஞ்சம் வேகப் பயிற்சி சேர்த்தால் போதும், நேரம் தானாகக் குறைகிறது. போட்டிக்கு ஓடுபவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 160 கி.மீ. என்ற கணக்குக்கு வந்தார்.

அப்போது மற்றவர்கள் எப்படிப் பயிற்சி செய்தார்கள்?

1950-களில் ஓட்டப் பயிற்சி என்றால் ‘இன்டர்வல்’தான். டிராக்கில் 400 மீட்டர் வேகமாக ஓடு, கொஞ்சம் இளைப்பாறு, மறுபடி ஓடு. ஜெர்மனியில் இதை ஆய்வுக்கூடம் வைத்தே வளர்த்திருந்தார்கள். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாட்டோபெக் ஒரே நாளில் டஜன் கணக்கில் 400 மீட்டர் ஓட்டங்களை ஓடி ஒலிம்பிக் தங்கங்களைக் குவித்தார். 1954-இல் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் முதலில் ஓடி முடித்த ரோஜர் பேனிஸ்டரும் இன்டர்வல் பயிற்சியில் வந்தவர்தான்.

லிடியார்ட் இன்டர்வலுக்கு எதிரி இல்லை. அதை எப்போது செய்வது என்பதில்தான் அவருக்குச் சண்டை. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டக் கூடாது என்பது அவர் கட்சி. வேகப் பயிற்சி சில வாரங்களில் பலன் காட்டிவிடும். அதனாலேயே எல்லோருக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்த முன்னேற்றம் சீக்கிரமே நின்றுவிடும். அப்புறமும் அழுத்தினால் களைப்பு, தூக்கமின்மை, காயம் என்று வரிசையாக வரும்.

அதனால் ஒரு வருடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். முதலில் 10 வாரமோ அதற்கு மேலோ நீண்ட, சீரான ஓட்டம். அடுத்து மேட்டில் ஏறும் பயிற்சி. அதற்குப் பிறகு டிராக்கில் வேகம். கடைசியில் போட்டிக்கு முன்னால் பயிற்சியைக் குறைத்து உடம்பைத் தயாராக்குவது. இன்று எந்த மாரத்தான் அட்டவணையைத் திறந்தாலும் இந்த எலும்புக்கூடு தெரியும்.

ரோம், 1960 செப்டம்பர் 2

லிடியார்டின் சீடர்கள் பொறுக்கி எடுத்த நட்சத்திரங்கள் இல்லை. பெரும்பாலும் ஆக்லாந்தின் ஓவைராக்கா பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த பையன்கள்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோரும் வைட்டாக்கரே மலைப்பகுதியில் ‘வயாட்டருவா’ என்ற சுற்றுப்பாதையில் சுமார் 35 கி.மீ. ஓட வேண்டும். ஏற்றமும் இறக்கமும் நிறைந்த பாதை அது. மாரத்தான் ஓடுபவருக்கும் அதுதான், 800 மீட்டர் ஓடுபவருக்கும் அதுதான்.

முர்ரே ஹால்பெர்க் என்ற இளைஞருக்கு 17 வயதில் ரக்பி ஆடும்போது பட்ட அடியில் இடது கை செயலிழந்துபோனது. பீட்டர் ஸ்னெல் நல்ல உடல்வாகுள்ள பையன், டென்னிஸ் ஆடியவர். 800 மீட்டர் ஓடும் தனக்கு 35 கி.மீ. எதற்கு என்று ஆரம்பத்தில் நொந்துபோனவர்.

ரோம் ஒலிம்பிக்குக்கு லிடியார்ட் நியூசிலாந்து அணியின் அதிகாரப்பூர்வப் பயிற்சியாளராகப் போகவில்லை. ஆனால் 1960 செப்டம்பர் 2 அன்று நடந்ததை யாராலும் மறைக்க முடியவில்லை. 21 வயதான, வெளியுலகம் அறியாத ஸ்னெல், உலக சாதனையாளர் ரோஜர் முன்ஸைக் கடைசி மீட்டர்களில் தாண்டி 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே நாள், அதே மைதானத்தில், கொஞ்ச நேரத்திலேயே 5,000 மீட்டர் பந்தயம். கடைசி மூன்று சுற்றுகள் இருக்கும்போதே ஹால்பெர்க் பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடினார். யாராலும் பிடிக்க முடியவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி அப்படியே புல்தரையில் விழுந்தார், தங்கத்தோடு.

அடுத்த வாரம் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்ற அந்தப் புகழ்பெற்ற மாரத்தானில் மூன்றாவதாக வந்தவர் பாரி மாகி. அவரும் லிடியார்டின் ஆள்தான். 1964 டோக்கியோவில் ஸ்னெல் 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். குட்டி நாட்டின் ஒரு நகரத்தில், ஒரு ஷூ தொழிலாளி, ரோட்டிலும் மலையிலும் ஓட வைத்தே இதைச் சாதித்திருந்தார்.

800 மீட்டருக்கு எதற்கு 35 கி.மீ.?

லிடியார்டுக்கு இதன் பலன் அனுபவத்தில் தெரியும். காரணத்தை அறிவியல் பின்னால்தான் விளக்கியது. விளக்கியவர்களில் ஒருவர் ஸ்னெல்லேதான். ஓய்வுக்குப் பிறகு அமெரிக்கா போய்ப் படித்து, டல்லாஸில் உடற்பயிற்சி உடலியல் ஆய்வாளராக வேலை பார்த்தார்.

நாம் நிதானமாக ஓடும்போது உடம்பு ஆக்சிஜனை வைத்துக் கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து சக்தி எடுக்கிறது. இப்படி மாதக்கணக்கில் ஓடினால் மூன்று மாற்றங்கள் நடக்கும். ஒன்று, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தத்தின் அளவு கூடும். இரண்டு, தசைகளைச் சுற்றி மெல்லிய ரத்தக்குழாய்கள் புதிதாக வளரும். மூன்று, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகும். அதாவது எஞ்சினே பெரிதாகிறது. 800 மீட்டர் பந்தயத்தில்கூட செலவாகும் சக்தியில் பாதிக்கும் மேல் ஆக்சிஜன் வழியில்தான் வருகிறது என்பது இன்று தெரிந்த விஷயம்.

நீண்ட ஓட்டத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. மெதுவாக ஓடும்போது முதலில் வேலை செய்வது நிதானமான தசைநார்கள். ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று போகும்போது அவற்றில் சேமித்து வைத்த சர்க்கரை தீரும். அப்போது வேகத்துக்கான தசைநார்களும் வேலைக்கு இழுக்கப்படும். ஸ்பிரின்ட் அடிக்காமலே அவற்றுக்கும் பயிற்சி கிடைத்துவிடும். 800 மீட்டர் வீரருக்கு மலைப்பாதை உதவியது இப்படித்தான்.

மாரடைப்பு வந்தவர் ஓடலாமா?

ஒலிம்பிக் வெற்றிக்குப் பிறகு லிடியார்டை எல்லா இடத்துக்கும் பேசக் கூப்பிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்கள். தொப்பை, சிகரெட், ஆபீஸ் நாற்காலி. சிலருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தது. அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தால் ஓய்வெடு, உடம்பை அசைக்காதே என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. வாழ்க்கையே முடிந்தது என்ற நினைப்போடு பலர் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

லிடியார்ட் வேறு மாதிரி யோசித்தார். இதயமும் ஒரு தசைதானே? தசை என்றால் பயன்படுத்தினால்தானே வலுவாகும்? ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் உயிரே இருக்கிறது. முன்னாள் தடகள வீரரும், பிற்காலத்தில் ஆக்லாந்து மேயர் ஆனவருமான கொலின் கே என்பவரோடு சேர்ந்து, 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் உருவாகக் காரணமானார்.

அங்கே யாருக்கும் ஸ்டாப்வாட்ச் கிடையாது. யாரையும் யாரும் முந்தக் கூடாது. கொஞ்சம் ஓடு, மூச்சு வாங்கினால் நட, மறுபடி ஓடு. பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறை. பயிற்சி எடு, ஆனால் உடம்பை வருத்தாதே என்பதுதான் லிடியார்ட் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்ன மந்திரம். முதலில் ஒரு தெருவைக்கூட ஓடி முடிக்க முடியாதவர்கள், மாதங்கள் போகப் போக மணிக்கணக்கில் ஓடும் நிலைக்கு வந்தார்கள்.

இன்னொரு எளிய வழியும் வைத்திருந்தார். தூரத்தைப் பார்க்காதே, நேரத்தைப் பார். உதாரணத்துக்கு, வீட்டிலிருந்து 10 நிமிடம் ஓடு, திரும்பி வா. திரும்பி வர 10 நிமிடத்துக்கு மேல் ஆனால், போகும்போது ரொம்ப வேகமாகப் போயிருக்கிறாய் என்று அர்த்தம். நாளைக்கு இன்னும் மெதுவாகப் போ. எந்த ஆப்பும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

அமெரிக்கப் பயிற்சியாளர் மூச்சுத் திணறிய கதை

1962 கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் தன் வீரர்களோடு நியூசிலாந்து வந்தார். வயது 50-ஐத் தாண்டியிருந்தது. தானும் ஃபிட்தான் என்று நினைத்திருந்தார். லிடியார்ட் அவரை ஜாகர்ஸ் கூட்டத்தோடு ஓடக் கூட்டிப்போனார்.

கொஞ்ச தூரத்திலேயே பவர்மேனுக்கு மூச்சு முட்டியது. கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. 70 வயதைக் கடந்த, இதய நோயிலிருந்து மீண்டிருந்த ஒரு பெரியவர் பரிதாபப்பட்டுப் பின்தங்கி, அவரோடு பேசிக்கொண்டே ஓடினார். பதில் சொல்ல பவர்மேனுக்கு மூச்சு இல்லை. ஜாக் டோலனிடம் லிடியார்ட் பட்டதை, லிடியார்டின் சீடர்களிடம் பவர்மேன் பட்டார்.

ஊர் திரும்பியதும் யூஜின் நகரத்தில் 1963-இல் பொதுமக்களுக்கான ஜாகிங் வகுப்பு தொடங்கினார். டாக்டர் ஒருவரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘ஜாகிங்’ புத்தகம் 1967-இல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்காவின் ஓட்ட மோகம் அங்கிருந்துதான் சூடுபிடித்தது. தன் பழைய மாணவர் பில் நைட்டோடு சேர்ந்து 1964-இல் பவர்மேன் தொடங்கிய ஷூ கம்பெனிதான் பின்னாளில் நைக்கி ஆனது. இன்று உங்கள் ஷூ அலமாரியில் இருப்பது எந்தப் பிராண்டாக இருந்தாலும், அந்தச் சந்தை உருவானதில் ஆக்லாந்தின் அந்தக் காலை ஓட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

லிடியார்ட் அங்கே நிற்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில் ஃபின்லாந்து அவரை அழைத்தது. ஒரு காலத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் கொடிகட்டிப் பறந்து, பிறகு படுத்துவிட்ட நாடு அது. அவர் தங்கியிருந்த காலத்தில் விதைத்த பயிற்சி முறை, அவர் கிளம்பிய பிறகு பலன் கொடுத்தது. 1972 மியூனிக்கில் லாஸ்ஸே விரேன் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 10,000 மீட்டரில் நடுவில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி, உலக சாதனையோடு வென்றார். 1,500 மீட்டர் தங்கமும் ஃபின்லாந்தின் பெக்கா வாசலாவுக்கே போனது.

காயம் எப்படி வருகிறது?

இதுதான் நமக்கு நேரடியாகத் தேவைப்படும் இடம். புதிதாக ஓட ஆரம்பித்தவருக்கு நாலைந்து வாரத்தில் மூச்சு பழகிவிடும். அட, சுலபமாக இருக்கிறதே என்று வேகத்தையும் தூரத்தையும் ஒரே நேரத்தில் கூட்டுவார். சிக்கல் இங்கேதான். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் அப்படி இல்லை. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அல்லது புதுப்பித்துக்கொள்ளும் வேகம் குறைவு. மாதக்கணக்கில்தான் வலுப்பெறும். எஞ்சின் ரெடி, சேஸிஸ் இன்னும் ரெடியாகவில்லை என்ற நிலை.

முன்னங்கால் எலும்பை ஒட்டி வரும் ஷின் ஸ்பிளின்ட் வலி, குதிகாலுக்கு மேலே அகிலிஸ் தசைநாண் வலி, காலையில் முதல் அடி வைக்கும்போது சுரீர் என்று குத்தும் பாத வலி, முழங்கால் சிப்பியைச் சுற்றி வரும் வலி. இவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் விழுந்து அடிபட்டு வருவதில்லை. உடம்பு சரிசெய்துகொள்ளும் வேகத்தைவிட நாம் சுமை ஏற்றும் வேகம் அதிகமாவதால் வருபவை. மாதக்கணக்கில் நிதானமாக அஸ்திவாரம் போடச் சொன்ன லிடியார்டின் முறை, தசைநாணுக்கும் எலும்புக்கும் தேவைப்படும் அந்த அவகாசத்தைக் கொடுத்தது.

ஷூ விஷயத்திலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. தொழில் தெரிந்தவர் ஆச்சே. தன் வீரர்களுக்குத் தானே ஷூ செய்து கொடுத்தார். பாதத்தின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும், வளைய வேண்டும், கால் இயல்பாக அசைய இடம் கொடுக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. மெத்தை மாதிரி குதிகாலைத் தூக்கி வைக்கும் கனமான ஷூக்கள் பின்னாளில் சந்தையை நிரப்பியபோது அவற்றை அவர் ரசிக்கவில்லை.

அவர் முறையிலும் ஆபத்தான பகுதி உண்டு. மேட்டில் தாவித் தாவி ஏறும் பயிற்சி கெண்டைக்காலையும் அகிலிஸ் தசைநாணையும் பலமாக இழுக்கும். அடித்தளம் போடாமல் அதை மட்டும் காப்பியடித்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டவை

லிடியார்ட் பெயரால் இரண்டு தவறான கருத்துகள் இன்றும் சுற்றுகின்றன.

முதலாவது, வாரம் 160 கி.மீ. ஓடினால்தான் ஓட்டம் என்பது. அது பல வருடம் பழகிய போட்டி வீரர்களுக்கான கணக்கு. ஆபீஸ் போய்வரும், தூக்கம் குறைந்த, 35 வயதில் ஓட ஆரம்பித்த ஒருவருக்கு அது மருந்து இல்லை, விஷம். ஜாகர்ஸ் கிளப்பில் அவர் தொடங்கி வைத்தது சில நிமிட ஓட்டத்தில்தான்.

இரண்டாவது, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஓடலாம் என்று அவர் சொன்னதாக நினைப்பது. இல்லை. மூச்சு சீராக இருக்கும் எல்லைக்குள், முடிந்த அளவு நல்ல வேகத்தில் ஓடு என்றுதான் வீரர்களிடம் சொன்னார். அட்டவணையிலும் கி.மீ.க்கு இத்தனை நிமிடம் என்று எழுதாமல் கால் முயற்சி, அரை முயற்சி, முக்கால் முயற்சி என்றே குறித்தார். ஒலிம்பிக் வீரருக்குக் கி.மீ.க்கு 4 நிமிடத்தை ஒட்டிய வேகம்கூட நிதானமாக இருக்கலாம். உங்களுக்கு அதே நிதானம் 7 நிமிடத்தில் வரலாம், 8 நிமிடத்திலும் வரலாம். இரண்டும் ஒரே பயிற்சிதான். வெயிலும் புழுக்கமும் அதிகமான நாளில் அதே முயற்சிக்கு வேகம் இன்னும் குறையும். வாட்ச் காட்டும் எண்ணைத் துரத்தினால் அன்றைக்கு உடம்பு தோற்கும்.

பேச்சுச் சோதனை வெறும் நாட்டு வைத்தியமும் இல்லை. ஓடிக்கொண்டே சிரமமில்லாமல் பேச முடியாமல் போகும் புள்ளி, மூச்சின் வேகம் திடீரென்று கூடத் தொடங்கும் உடலியல் எல்லையோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பிரபலமாக்கிய இன்னொருவர் ஜிம் ஃபிக்ஸ். 1977-இல் அவர் எழுதிய புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. 1984-இல் 52 வயதில் ஓடும்போதே மாரடைப்பில் இறந்தார். இதய ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. ஒரு காலத்தில் அவர் நிறைய சிகரெட் பிடித்தவர், எடை அதிகமாக இருந்தவர். அவருடைய அப்பாவும் இளம் வயதிலேயே மாரடைப்பால் பாதிக்கப்பட்டு இறந்தவர். ஓட்டம் இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் அது பரிசோதனைக்குப் பதிலாகாது. குடும்பத்தில் இதய நோய் இருந்தாலோ, ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தாலோ, முதலில் டாக்டரைப் பாருங்கள். அப்புறம் ஓடலாம்.

கடைசி வரை ஓட்டம்

லிடியார்டுக்கும் அதிகாரிகளுக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லும் ஆள். சொந்த நாட்டில் அவரைப் பயன்படுத்திக்கொண்டது போதாது என்ற வருத்தம் அவருடைய ரசிகர்களுக்கு உண்டு. ஆனாலும் 1990-இல் நியூசிலாந்தின் மிக உயர்ந்த கௌரவமான ‘ஆர்டர் ஆஃப் நியூசிலாந்து’ அவருக்குக் கிடைத்தது.

வயதானபோது முழங்கால்கள் தொல்லை கொடுத்தன. முன்பு மாதிரி ஓட முடியவில்லை. பேசுவதை நிறுத்தவில்லை. 87 வயதில் அமெரிக்கா முழுக்கச் சுற்றுப்பயணம் போய், ஓடுபவர்கள் நிறைந்த அரங்குகளில் பேசினார். அந்தப் பயணத்தின்போதே 2004 டிசம்பர் 11 அன்று டெக்சாஸில் இறந்தார். அவர் வளர்த்த ஹால்பெர்க் 1963-இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய அறக்கட்டளை நியூசிலாந்தில் இன்றும் இயங்குகிறது.

நாளைக் காலை என்ன செய்யலாம்?

லிடியார்ட் வாழ்க்கையிலிருந்து சாதாரண ஓட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்:

• பெரும்பாலான நாட்களில் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். தனியாக ஓடினால் மனசுக்குள் இல்லை, வாய்விட்டே இரண்டு வரி பேசிப் பாருங்கள்.

• ஆரம்பத்தில் கி.மீ. எண்ண வேண்டாம், நிமிடம் எண்ணுங்கள். போன நேரத்துக்குள் திரும்பி வர முடிகிறதா என்று பாருங்கள்.

• வேகம், தூரம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். மூச்சு தயார் என்று சொன்னாலும், எலும்புக்கும் தசைநாணுக்கும் இன்னும் சில மாதம் கொடுங்கள்.

• கடினமான ஓட்டத்துக்கு அடுத்த நாள் எளிதான ஓட்டம் அல்லது ஓய்வு. ஒரு இடத்தில் வலி தொடர்ந்து இருந்தாலோ, நடக்கும்போதே நொண்டினாலோ, அன்றைக்கு ஓட வேண்டாம்.

• குரூப்பில் ஓடும்போது அடுத்தவர் வேகம் உங்கள் வேகம் இல்லை. அவர் ஐந்து வருட அஸ்திவாரத்தில் ஓடுகிறார், நீங்கள் ஐந்து வாரத்தில் இருக்கிறீர்கள்.

ஆக்லாந்தின் அந்த முதல் ஜாகர்கள் யாரும் பதக்கம் வாங்கவில்லை. காலையில் கிளம்பி, பேசிக்கொண்டே ஓடி, வலியில்லாமல் வீட்டுக்குத் திரும்பி, மறுநாளும் கிளம்பினார்கள். அந்த மறுநாள் ஓட்டம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் லிடியார்டின் மொத்தப் பயிற்சியும்.